சித்தப்பாவின் காரும் இரண்டு முறை அறுந்த ஆர்பிஎம் கேபிளும்

இந்த முறை மூன்று வார விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். அதில் ஐந்து நாள் சித்தப்பாவின் ஸ்பிட்ஃபயருக்கே போனது. வேலை என்னவோ சின்னதுதான், ஆர்பிஎம் மீட்டரின் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது) கேபிள் மாற்றுவது. அதை ஒருவர் அரை மணி நேரத்தில் முடித்தார், இரண்டே நாளில் மறுபடி அறுந்தது. இன்னொருவர் ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டார், இன்றுவரை ஓடுகிறது. வீட்டில் பழைய வண்டி ஒன்றை விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

வண்டி ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் செய்தது, 1296 சிசி எஞ்சின். 1967 முதல் 1970 வரை இந்த மாடல் வந்தது. ஸ்டியரிங்குக்கு நேராக இல்லாமல் டேஷ்போர்டின் நடுவில் மீட்டர்கள் இருக்கும். முன்பக்கம் முழுவதும், மட்கார்டுகளோடு சேர்ந்து, அப்படியே முன்னால் சாய்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்தே எஞ்சினில் வேலை பார்க்கலாம். சின்ன வயதில் சித்தப்பா பக்கத்தில் அப்படி உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த வண்டி மேல் எனக்கு இருக்கும் பிரியம் அங்கே தொடங்கியது.

இந்த வண்டியில் ஆர்பிஎம் மீட்டர் மின்சாரத்தில் ஓடுவதில்லை. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை எஞ்சின்தான் சுற்றுகிறது; அதன் பக்கவாட்டில் ஒரு சின்ன கியர் இருக்கிறது. அங்கிருந்து ஒரு கேபிள் மீட்டரின் பின்பக்கம் போகிறது. உள்ளே சுற்றும் கம்பிக்கு இன்னர், மேலே இருக்கும் உறைக்கு அவுட்டர். இன்னர் போய் மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றும். காந்தத்தை ஒட்டி, ஆனால் அதைத் தொடாமல், ஒரு அலுமினியக் கிண்ணம் இருக்கும். காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் உண்டாகும் சுழல் மின்னோட்டம் கிண்ணத்தையும் கூடவே இழுக்கப் பார்க்கும். ஒரு மெல்லிய ஸ்பிரிங் அதைப் பிடித்து நிறுத்தும். இழுப்பும் ஸ்பிரிங்கும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். நூறு வருடத்துக்கும் மேல் பழைய நுட்பம் என்றாலும் எனக்கு இன்னமும் அழகாகவே தெரிகிறது.

நான் போய் இறங்கிய மறுநாள் இரண்டு பேரும் வண்டியை எடுத்தோம். முள் 2000க்கும் 4000க்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருந்தது. டக்கென்று ஒரு சத்தம், முள் பூஜ்யத்துக்கு விழுந்துவிட்டது. "ஒரு வருஷமா கொஞ்சம் ஆடிக்கிட்டுதான்டா இருந்துச்சு" என்றார் சித்தப்பா. அந்த வார்த்தையை நான் அப்போதே பிடித்திருக்க வேண்டும். முழுக் காரணமும் அதில்தான் இருந்தது.

மீட்டர் இல்லாமலும் வண்டி ஓடும். ஆனால் சித்தப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். எஞ்சின் சத்தத்தை வைத்து கியர் மாற்றுவது இப்போது அவருக்கு முடிவதில்லை, முள்ளைப் பார்த்துத்தான் மாற்றுகிறார். எஞ்சின் அளவுக்கு மேல் சுற்றினால் தானாகக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு எதுவும் இந்தக் கால வண்டியில் கிடையாது. அதனால் சரிசெய்யாமல் திரும்பிப் போக எனக்கு மனம் வரவில்லை. புதுக் கேபிள் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம், ஆனால் அது வருவதற்குள் என் விடுமுறை முடிந்துவிடும்.

முதலில் போனது பக்கத்தில் இருந்த ஒரு வொர்க்ஷாப். அங்கிருந்தவர் நல்ல சுறுசுறுப்பானவர். அறுந்த இன்னரை உருவினார், கையிலிருந்த ஏதோ ஒரு வண்டியின் ஸ்பீடோமீட்டர் இன்னரை எடுத்து அளவுக்கு வெட்டினார், முனையைச் சுத்தியலால் தட்டிச் சதுரமாக்கினார், கிரீஸ் நிறையப் பூசி உள்ளே தள்ளினார். முள் வேலை செய்தது. எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் மறுபடி அதே டக். உருவிப் பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனையில் கம்பிகள் பிரிந்து துடைப்பம் போல விரிந்திருந்தன. திரும்பப் போனபோது, "வேற ஒண்ணு போட்டுத் தரேன் சார், பழைய வண்டின்னா இப்படித்தான்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. தேய்ந்தால் தேயட்டும், இரண்டு நாளில் அறுவதற்கு வயது காரணமாக முடியாது.

சித்தப்பாவின் நண்பர் ஒருவர், மீட்டர் வேலை மட்டுமே செய்யும் ஒரு பெரியவரைச் சொன்னார். போன் செய்தபோது அவர் முதலில் கேட்டதே, "அறுந்த துண்டு இருக்கா தம்பி?" என்பதுதான். நல்ல வேளை, இரண்டையும் டிக்கியில் போட்டு வைத்திருந்தேன். வண்டி எங்கே, என்ன மாடல் என்பதெல்லாம் அப்புறம்தான். துண்டுகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டுமே எஞ்சின் பக்கம்தான் அறுந்திருக்கு. மேல ஏதோ பிடிக்குது" என்றார்.

அவர் விளக்கியதை என் சொற்களில் சொல்கிறேன். கேபிளைச் சுற்றுவது எஞ்சின் பக்கம். மீட்டர் பக்க முனைக்கு மீட்டரின் சுமை மட்டும்தான். அங்கிருந்து கீழே வரவர, அவுட்டருக்குள் உராயும் சுமையும் சேர்ந்துகொண்டே வரும். எஞ்சின் பக்க முனைதான் மொத்தத்தையும் தாங்குகிறது. மேலே மீட்டர் இறுகினாலும், நடுவில் வளைவு இறுகினாலும், முறுக்கு ஏறி அறுவது பெரும்பாலும் கீழேதான். வளைவு ஒன்றில் மட்டும் தேய்ந்திருந்தால் அந்த வளைவிலேயே அறுந்திருக்கும். சதுர முனை மட்டும் உருண்டு போயிருந்தால் நீளம் போதாமல் வழுக்கியிருக்கிறது என்று அர்த்தம். முள் ஆடியதற்கும் இதுவே காரணம்: பிடிக்கிற இடத்தில் இன்னர் நின்று முறுக்கேறும், திடீரென்று விடும், முள் துள்ளும். ஒரு வருடமாக அது நடந்திருக்கிறது.

இரண்டாவது துண்டில் இன்னொரு குறையையும் காட்டினார். இன்னர் என்பது பல அடுக்காகக் கம்பி சுற்றிச் செய்தது. சுற்றும்போது வெளி அடுக்கு இறுக வேண்டும், கயிற்றை முறுக்கினால் இறுகுவது மாதிரி. எங்களுக்குப் போட்டது எதிர்ப்பக்கச் சுழற்சிக்கானது. சுமை ஏற ஏறப் பிரிந்துவிட்டது. அறுந்ததற்கு ஒரு காரணம், இவ்வளவு சீக்கிரம் அறுந்ததற்கு இன்னொரு காரணம். இரண்டையும் பிரித்துச் சொன்னபோதே இவரிடம் வேலையைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

பேட்டரி வயரைக் கழற்றிய பிறகே டேஷ்போர்டுக்குப் பின்னால் கை வைத்தார். மீட்டர் விளக்கின் வயர் அங்கே எங்கே உரசினாலும் ஆபத்து. மீட்டரை வெளியே எடுத்து, கேபிள் சேரும் இடத்தை விரலால் சுற்றினார். நன்றாக இருக்கும் மீட்டரில் அது தடையே இல்லாமல் சுற்றும், முள் லேசாகத் துள்ளித் திரும்பும். இதில் சுற்றி வரும்போதே ஒரு இடத்தில் பிடித்தது. முன் வளையத்தைத் திருப்பிக் கழற்றிப் பார்த்தால், பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகி, தண்டு சுற்றும் சின்னக் குழல் போன்ற புஷ்ஷுக்குள் உட்கார்ந்திருந்தது. எப்போதோ யாரோ கேபிள் முழுக்க கிரீஸ் பூசியிருக்கிறார்கள். சுற்றச்சுற்ற அது மேலே ஏறி மீட்டருக்குள் போயிருக்கிறது. எங்கள் முதல் வேலையிலும் அதே தவறுதான். அதைப் பொறுமையாகச் சுத்தம் செய்து, மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டார். முள்ளையும் ஸ்பிரிங்கையும் தொடவே இல்லை.

அதன் பிறகுதான் புது இன்னர். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் முழுதாக உட்கார்ந்த நிலையில், மீட்டர் பக்கம் அவுட்டரைத் தாண்டி இன்னர் சுமார் 10 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதிகமானால் மீட்டரை உள்ளே தள்ளிக் கெடுக்கும், குறைந்தால் வழுக்கும். வெட்டும் இடத்தை முதலில் சூடாக்கிக் கம்பிகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்து, அப்புறம்தான் வெட்டினார். சதுர முனைக்கும் சுத்தியல் இல்லை, அச்சில் வைத்து அழுத்தினார். பிறகு இன்னரைக் கண்ணாடி மேசை மேல் நீட்டிப் போட்டு, ஒரு முனையை விரல்களுக்கிடையே உருட்டச் சொன்னார். எங்காவது மடிப்பு இருந்தால் கேபிள் அந்த இடத்தில் எகிறும். நானே உருட்டிப் பார்த்தேன், மேசையோடு ஒட்டியே ஓடியது.

கிரீஸ் மெல்லிசாக, அதுவும் கீழ்ப்பகுதிக்கு மட்டும். மீட்டர் பக்கம் கடைசி 20 சென்டிமீட்டரைத் துணியால் துடைத்து உலர்ந்தே விட்டார். அவுட்டர் போகும் வழியையும் மாற்றினோம். ஹீட்டர் குழாய்க்குப் பின்னால் யாரோ அதை இறுக்கி மடித்துக் கட்டியிருந்தார்கள். எந்த வளைவும் 15 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையக்கூடாது, இரண்டு முனையிலும் 5 சென்டிமீட்டராவது நேராக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. இது அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களின் சர்வீஸ் புத்தகங்களில் உள்ள அளவுதான். சைலன்சர் பைப்பின் சூட்டிலிருந்து விலக்கி, உள்ளே நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் போட்டார். மீட்டர் நட்டைக் கையால் மட்டும் இறுக்கினார்.

எல்லாம் மாட்டியபின் தன்னிடமிருந்த எலக்ட்ரானிக் ஆர்பிஎம் மீட்டரை இக்னிஷன் காயிலில் மாட்டி 1000, 2000, 3000 என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். சித்தப்பா ஆக்சிலரேட்டரில் கால் வைத்திருந்தார். முள் ஆடாமல் ஏறி, ஆடாமல் இறங்கியது. சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அவுட்டரின் மேல்தோலில் ஒரு இடத்தில் விரிசல். தண்ணீர் இறங்காமல் பெரியவர் அதை மூடிக் கொடுத்திருக்கிறார், ஆனால் முழுக் கேபிளாக மாற்றுவதுதான் நல்லது என்றார். கிளம்பும் முன் வண்டியின் கமிஷன் நம்பர் (ஒவ்வொரு வண்டிக்கும் தொழிற்சாலை கொடுத்த எண்) தகட்டைப் படம் எடுத்துக்கொண்டேன். ஒரே மார்க்கிலும் பாகங்கள் நடுவில் மாறியிருக்கலாம், அந்த நம்பரை வைத்துக் கேட்பதுதான் பாதுகாப்பு. பழைய இன்னரின் நீளத்தையும் அளந்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை பெட்டியில் புதுக் கேபிள் இருக்கும், அதை மாட்டுவதும் அதே பெரியவர்தான்.