பெலுமா, பாதாமியா, அந்தரகங்கையா? பெங்களூருவிலிருந்து குகை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

டிசம்பர் நெருங்கிவிட்டால் அல்சூரில் எங்கள் தெருவில் இந்தப் பேச்சு வந்துவிடும். ஊட்டி அலுத்துவிட்டது, குகை பார்க்கலாம் என்பார் ஒருவர். உடனே மூன்று பெயர்கள் அடிபடும்: ராயலசீமையின் பெலும், வட கர்நாடகத்தின் பாதாமி, கோலார் அந்தரகங்கை. மூன்றுக்கும் போய்வந்தவன் என்பதால் எதற்குப் போகலாம் என்று என்னிடம் கேட்பார்கள்.

மூன்றும் மழை குறைந்த வறண்ட பூமியில்தான் இருக்கின்றன. மற்றபடி ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை. பெலும் தண்ணீர் அரித்தது. பாதாமி உளி குடைந்தது. அந்தரகங்கை பாறைகள் சாய்ந்து விட்ட இடுக்கு. இது தெரியாமல் கிளம்புகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள்.

முதலில் பெலும். அனந்தபுரம், தாடிபத்ரி வழியாக ஏறக்குறைய 300 கிலோமீட்டர். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம். அனந்தபுரம் நாட்டிலேயே மிகக் குறைவாக மழை பெறும் மாவட்டங்களில் ஒன்று. வழியெல்லாம் கருகிய புல்லும் வேலிமுள்ளும்தான். அப்படிப்பட்ட நிலத்தின் வயிற்றுக்குள் நிலத்தடி நீர் ஓடி ஓடி 3,229 மீட்டர் நீளத்துக்குச் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து வழி விட்டிருக்கிறது. ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1884-லேயே இந்தக் குகையைக் குறித்து வைத்தார். ஜெர்மானியரான டேனியல் கெபாவரின் குழு 1982, 83-ல் உள்ளே இறங்கி அளந்தது. 2002 முதல் பொதுமக்கள் போகிறார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் வரை நடக்கலாம்.

வெட்டவெளியில் கிணறு போன்ற பள்ளம். அதில் படியிறங்கினால் குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்துத்தான் எல்லோரும் போகிறார்கள். உண்மையில் உள்ளே புழுக்கம் தாங்காது. வெளிக்காற்றைக் குழாய் வழியாக உள்ளே செலுத்துகிறார்கள். அந்தக் குழாய் வாய்க்கு நேரே நின்று மூச்சு வாங்கிக்கொள்ளாதவர் இல்லை. என் சட்டை பத்தே நிமிடத்தில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் சிங்கமுகம் போல் கல் தொங்கும் சிம்மத்துவாரத்தைக் கடந்து, கோடிலிங்கம் எனப்படும் இடத்தில் மேலிருந்து இறங்கி வரும் கல்விழுதுகளைப் பார்த்தபோது புழுக்கம் நினைவிலேயே இல்லை. ஏழிசைக் குகை என்று ஒன்று இருக்கிறது. அங்கே தொங்கும் கல்லை விரல் முட்டியால் தட்டினால் வெண்கலப் பாத்திரத்தைத் தட்டிய ஓசை எழுகிறது. மெதுவாக ஒருமுறை தட்டிப் பார்த்தால் போதும். ஓங்கி அடிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பதறுகிறது. உடைந்தால் யாராலும் ஒட்ட முடியாத பொருள் அது. எல்லாவற்றுக்கும் கீழே, தரைமட்டத்திலிருந்து 46 மீட்டர் ஆழத்தில், பாதாளகங்கை. சின்ன நீரோட்டம்தான். பாறைக்குள் புகுந்து மறைந்துவிடுகிறது.

எங்களோடு வந்த என் மாமியார் முதல் மண்டபத்துச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, இது நம் சமையல் மேடைக் கல் அல்லவா?" என்றார். அவர் சொன்னது சரி. நம் வீடுகளில் அடுப்படிக்கும் அலமாரிக்கும் போடுகிற கடப்பா கல், இந்தக் குகை உருவான அதே நர்ஜி சுண்ணாம்புக்கல் படிவத்திலிருந்துதான் வெட்டப்படுகிறது. நாற்பது ஆண்டுகளாக அந்தக் கல்லில் மாவு பிசைந்த கை அது, தொட்டதுமே கண்டுகொண்டது.

அவருக்கு முழங்கால் வலி. அந்த மண்டபத்தோடு நிறுத்திக்கொண்டு மேலே வந்து உட்கார்ந்துவிட்டார். ஆஸ்துமா உள்ளவர்களும் இடுக்கில் மூச்சு முட்டுகிறவர்களும் அப்படிச் செய்வதே நல்லது. குனிந்தும் ஒருக்களித்தும் போக வேண்டிய இடங்கள் உள்ளே இருக்கின்றன.

பாதாமிக்கு அலைச்சல் வேறு மாதிரி. ஏறக்குறைய 450 கிலோமீட்டர். காரில் போவதைவிடக் கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்துவிடுவது உத்தமம். அங்கே இருட்டும் கிடையாது, வியர்வையும் கிடையாது; மணற்பாறையில் குடைந்த நான்கு கோயில்கள், ஒன்றைவிட ஒன்று உயரத்தில். முதல் குகையின் ஓரத்தில் பதினெட்டுக் கை நடராசர். எந்த இரு கைகளைச் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு முத்திரை அமைகிறது. என் மகள் பரதம் கற்கிறாள். அரைமணி நேரம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. மூன்றாம் குகையில் சாளுக்கிய மங்களேசனின் கல்வெட்டு, 578-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தமிழர்களுக்குக் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு: இதுதான் வாதாபி. நரசிம்மவர்ம பல்லவனின் படை 642-ல் பிடித்த ஊர். அந்தப் படையை நடத்திய பரஞ்சோதிதான் பின்னாளில் சிறுத்தொண்ட நாயனார். அகத்திய தீர்த்தக் கரையில் நின்று செம்பாறையை அண்ணாந்து பார்த்தபோது, காஞ்சியிலிருந்து இத்தனை தொலைவு நடந்தே வந்திருக்கிறார்களே என்று மலைப்பாக இருந்தது. குரங்குகள் மட்டும் ஜாக்கிரதை. கையில் தின்பண்டம் இருக்கவே கூடாது.

அந்தரகங்கை பக்கம், எழுபது கிலோமீட்டர்தான். காலையில் போய் மாலையில் திரும்பலாம். கீழே சிவன் கோயிலில் கல் நந்தியின் வாயிலிருந்து சுனைநீர் வற்றாமல் விழுகிறது. மேலே கருங்கல் பாறைகளுக்கு இடையே தவழ்ந்தும் வழுக்கியும் போவதுதான் குகை. கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஏற்றது. வழிகாட்டி இல்லாமல் நுழைய வேண்டாம். நானும் என் அக்கா மகனும் அப்படி நுழைந்து, கைப்பேசி விளக்கு அணைந்துபோய் ஒரு மணி நேரம் தடுமாறினோம்.

கல்வெட்டு, சிற்பம், வரலாறு என்று மனம் போகிறவர்கள் யோசிக்காமல் பாதாமிக்கு டிக்கெட் எடுக்கலாம். ஆனால் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் நான் பெலும் என்றுதான் சொல்வேன். சிற்பம் பார்க்க நமக்கு மாமல்லபுரமும் இருக்கிறது. காய்ந்த நிலத்துக்கு அடியில் தண்ணீர் செய்து வைத்த வேலையை அப்படி நடந்து பார்க்க நமக்குப் பக்கத்தில் வேறு இடம் இல்லை. நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். பருத்திச் சட்டை, வழுக்காத செருப்பு, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், மாற்றிக்கொள்ள இன்னொரு சட்டை. திரும்பும் வழியில் தாடிபத்ரியில் பெண்ணாற்றங்கரையின் புக்க ராமலிங்கேஸ்வரர் கோயிலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இந்த டிசம்பரில் சென்னையிலிருந்து தங்கை குடும்பம் வருகிறது. பெலும் என்று முடிவாகிவிட்டது. மாமியாரும் வருகிறேன் என்கிறார், அந்த முதல் மண்டபம் வரைக்கும்.