அந்த லிங்க்கை அமுக்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

தமிழில் கேம் ரிவ்யூ போடும் ஒரு பெரிய சேனல், வீடியோவுக்குக் கீழே ஒரு கடையின் லிங்க், அந்தக் கடையில், பிசி கேம் விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் தளத்தைவிட எழுநூறு ரூபாய் குறைவாக ஒரு புது கேமின் கீ, அதாவது ஸ்டீமில் போட்டு கேமைத் திறக்கும் கோட். இந்த மூன்றும் சேர்ந்து உங்கள் கண்ணில் பட்டால் கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு 2,799 ரூபாய் போச்சு. என்னோடு வேலை பார்க்கும் வியாசர்பாடிப் பையன் ஒருவனுக்கும் அதே தொகை போச்சு, இன்னும் யார் யாருக்குப் போச்சோ. சேனல் பெயர், கேம் பெயர், கடை பெயர் எதையும் இங்கே போடப்போவதில்லை. புகார் போய்க்கொண்டிருக்கிறது, அது ஒரு காரணம். அப்புறம், அடுத்த மாசம் வேற சேனல், வேற கேம், வேற கடை வரும், ஆட்டம் மட்டும் இதேதான் இருக்கும்.

"ஏன்டா ரிவ்யூ பார்க்காம வாங்கின" என்று கேட்கக் காத்திருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பார்த்துதான் வாங்கினேன். வெளிநாட்டுத் தளங்களின் சராசரி மார்க் எண்பதைத் தாண்டி இருந்தது. ஸ்டீம் பக்கத்தில் குறைந்தபட்சத் தேவை என்று ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டையே போட்டிருந்தார்கள், என்னிடம் இருப்பதும் அதுதான், பெரம்பூர், கொடுங்கையூர், தண்டையார்பேட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்து கேம் ஆடுகிற பசங்களில் பாதிப் பேரிடம் அதுவோ அதற்கும் கீழான கார்டோதான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல் நம்ம ஆளு, நம்ம பாஷையில், "பட்ஜெட் பிசிலயே செம ஸ்மூத்தா ஓடுது நண்பா, கண்ண மூடிட்டு வாங்கலாம்" என்று சொல்லி, பத்துக்கு ஒன்பது போட்டு, "கீழ லிங்க் இருக்கு, நம்ம சேனல் கோட் போட்டா இன்னும் கம்மி" என்றார். தீபாவளி போனஸ் வந்த நேரம் வேறு.

ஓடியதா என்றால், ஓடியது, முதல் கால் மணி நேரம். ஊருக்குள் கதாபாத்திரம் நுழைந்ததும் படம் விட்டுவிட்டு நகர ஆரம்பித்தது, எல்லா செட்டிங்கையும் குறைத்து, ரெசல்யூஷனையும் இறக்கி, முகம் எல்லாம் மாவு பிசைந்த உருண்டை ஆன பிறகும் நொடிக்கு இருபது ஃபிரேமைத் தாண்டவில்லை. வாய் அசையும், சத்தம் அப்புறம்தான் வரும். இரண்டாவது மிஷனில் ஒரு பாலம் வருகிறது, அந்தப் பாலத்தில் கால் வைத்தால் கேம் மூடிக்கொண்டு டெஸ்க்டாப்புக்கு வந்துவிடும். கார்டின் டிரைவர் மென்பொருளை மாற்றினேன், கேமை அழித்துவிட்டு மறுபடி இறக்கினேன் (எண்பது ஜிபி, டேட்டாவைப் பற்றிப் பேசினால் வயிறு எரியும்), கடைசியில் ஆடிய வரைக்கும் பதிந்து வைக்கும் சேவ் ஃபைலே கெட்டுப்போச்சு. மற்ற கேம்கள் எல்லாம் அதே கம்ப்யூட்டரில் ஒழுங்காகத்தான் ஓடுகின்றன.

சரி, காசைத் திருப்பிக் கேட்கலாம் என்று போனபோதுதான் நிஜமான டகால்டி வேலை தெரிந்தது. ஸ்டீமில் நேரடியாக வாங்கியிருந்தால் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பெரும்பாலும் கேள்வி கேட்காமல் திருப்பித் தருவார்கள், 2015-லிருந்து இருக்கிற விதி இது. ஆனால் வெளியே வாங்கிய கீக்கு அவர்கள் பொறுப்பில்லை. அதுவும் எழுத்திலேயே இருக்கிறது. கீ விற்ற கடையின் வாட்ஸ்அப்பில் கேட்டால், "கீ ஆக்டிவேட் ஆச்சா சார்? ஆச்சுன்னா எங்க வேலை முடிஞ்சுது சார்" என்று ஒரு சிரிப்பு எமோஜியோடு பதில். ரிவ்யூ போட்ட அண்ணனின் வீடியோவுக்குக் கீழே மரியாதையாகவே ஒரு கமென்ட் எழுதினேன், என்ன கார்டு, எந்த இடத்தில் மூடுகிறது என்று விவரமாக. பதில் இல்லை. வேலையிடத்தில் அந்தப் பையனின் போனில் பார்த்தால் என் கமென்டே இல்லை! என் அக்கவுன்ட்டை சேனலில் மறைத்து வைத்திருக்கிறார், அப்படிச் செய்தால் எழுதியவனுக்கு மட்டும் தன் கமென்ட் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. நாமும் சொல்லிவிட்டோம் என்ற திருப்தியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மூலக்கடைப் பக்கம் கேமிங் சென்டர் வைத்திருக்கும் ஓர் அண்ணாவிடம் புலம்பினேன். அவர் சிரித்துக்கொண்டே, "இன்னா தம்பி, அவன் ஆடி எடுத்த வீடியோன்னா நெனச்ச?" என்று கேட்டுவிட்டு, அந்த ரிவ்யூவையும் ஓர் இந்தி சேனலின் ரிவ்யூவையும் இரண்டு மானிட்டரில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டார். அதே பாலம், அதே சண்டை, அதே இடத்தில் அதே குண்டு குறி தவறுகிறது. இரண்டு பேரும் வேறு வேறு ஊரில் உட்கார்ந்து ஆடியிருந்தால் அது எப்படி நடக்கும்? கம்பெனி கொடுத்த காட்சியை வாங்கிப் போட்டு, மேலே குரல் மட்டும் கொடுத்திருக்கிறார்கள். பட்ஜெட் பிசியில் ஓடுகிறது என்று சொன்ன மனுஷன் எந்தப் பிசியிலும் ஆடிய மாதிரி அந்த வீடியோவில் ஓர் அடையாளம்கூட இல்லை. டிஸ்கிரிப்ஷனில் இன்ஸ்டா லிங்க், டெலிகிராம் லிங்க், நாற்காலி லிங்க், ஹெட்செட் லிங்க் எல்லாம் தாண்டி, கடைசியில் ஹேஷ்டேக் கூட்டத்துக்கு நடுவே விளம்பரம் என்று ஒரே ஒரு குட்டி வார்த்தை ஒளிந்திருந்தது. அதையும் அண்ணாதான் காட்டினார்.

இது நம்ம ஊர்க்காரர் கண்டுபிடித்த வித்தை இல்லை. 2014-ல் வந்த மிடில் எர்த் ஷேடோ ஆஃப் மோர்டோர் கேமுக்கு வார்னர் பிரதர்ஸ் யூடியூபர்களுக்குக் காசு கொடுத்து வீடியோ போடச் சொன்னது. கேமைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது, பக், அதாவது கேமில் உள்ள கோளாறு எதையும் காட்டக்கூடாது என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருந்தது, காசு வாங்கிய விஷயம் டிஸ்கிரிப்ஷனில் விரித்துப் பார்த்தால்தான் தெரிகிற இடத்தில் கிடந்தது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இதைப் பிடித்து, 2016-ல் இனி இப்படிச் செய்ய மாட்டோம் என்று கம்பெனியை ஒப்புக்கொள்ள வைத்தது. இத்தனைக்கும் அது நல்ல கேம், நானே ரசித்து ஆடியிருக்கிறேன். நல்ல கேமுக்கே இந்த வேலை என்றால் ஓட்டைக் கேமுக்கு என்னென்ன செய்வார்கள்.

அப்போ பெரிய தளங்களின் மார்க்காவது? அங்கேதான் எனக்கு நிறைய நேரம் போச்சு, பழைய கதைகளைத் தோண்டிப் படித்தபோது. சைபர்பங்க் 2077 என்ற கேம் ஞாபகம் இருக்கும். 2020 டிசம்பர் 10 வெளியீடு. அதற்கு முன்னால் விமர்சகர்களுக்குக் கிடைத்தது பிசி காப்பி மட்டும், தாங்கள் ஆடியதைப் பதிவு செய்து காட்டவும் அனுமதி இல்லை, கம்பெனி கொடுத்த காட்சியைத்தான் போடவேண்டும். மார்க் எல்லாம் தொண்ணூறை ஒட்டிக் குவிந்தது. அதைப் பார்த்து சோனியின் பிஎஸ்4 கன்சோலுக்கு வாங்கியவர்களுக்கு நடந்தது என்ன என்று ஊருக்கே தெரியும், ஒரே வாரத்தில் சோனி தன் ஸ்டோரிலிருந்து அந்த கேமையே தூக்கிவிட்டு, வாங்கியவர்களுக்குக் காசைத் திருப்பித் தந்தது, 2021 ஜூனில்தான் மறுபடி விற்பனைக்கு வந்தது. இதில் விமர்சகர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் மெஷினில் அது ஓடியது, ஓடியதற்கு மார்க் போட்டார்கள், அந்த மார்க்கைத் தூக்கிக்கொண்டு போய் கம்பெனி வேற மெஷின்காரனிடம் விற்றது. நான் மாட்டியதும் இதே இடத்தில்தான். சராசரி எண்பதுக்கு மேல் என்று பார்த்தேனே, அந்த ரிவ்யூக்களை இப்போது ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால், கார்டு பெயரைச் சொன்னவர்கள் எல்லாம் என் முழு கம்ப்யூட்டரையும்விட விலை அதிகமான கார்டு வைத்து ஆடியவர்கள்.

காசு எப்படி மார்க்கைத் தொடுகிறது என்பதற்கு எல்லாரும் சொல்கிற பழைய உதாரணம் ஒன்று உண்டு. 2007-ல் கேன் அண்ட் லின்ச் என்ற கேமுக்கு கேம்ஸ்பாட் என்ற ரிவ்யூ தளத்தில் ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்ற விமர்சகர் பத்துக்கு ஆறு போட்டார், அதே சமயத்தில் அந்தத் தளம் முழுக்க அந்த கேமின் விளம்பரம்தான் ஒட்டியிருந்தது. கொஞ்ச நாளில் அவருக்கு வேலை போய்விட்டது. விளம்பரக்காரர்களின் நெருக்கடி இதில் இருந்தது என்பதை 2012-ல்தான் அவரால் வெளியே சொல்ல முடிந்தது. ஆறு போட்டதற்கே இது. இன்னொரு பக்கமும் இருக்கிறது, மார்க்கை நம்பிப் பிழைப்பு நடத்துவது வாங்குகிறவன் மட்டும் இல்லை. ஃபால்அவுட் நியூ வேகாஸ் செய்த ஆப்சிடியன் ஸ்டுடியோவுக்கு, விமர்சகர்களின் மார்க்கைச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 85 வந்தால் போனஸ் என்று பேச்சு, வந்தது 84, போனஸ் கிடைக்கவில்லை. ஒரு மார்க்குக்கு இவ்வளவு எடை இருக்கும்போது அதைத் தள்ளிவிடவும் இழுத்துப் பிடிக்கவும் ஆள் இருக்காதா?

வாங்கினவர்கள் எழுதும் ரிவ்யூ மட்டும் சுத்தமா என்றால் அதுவும் இல்லை. கோபம் வந்தால் கேமைத் தொடாதவன்கூடக் கூட்டமாக வந்து பூஜ்யம் போட்டுவிட்டுப் போகிறான், அதனால்தான் மெட்டாகிரிட்டிக் 2020-ல் புது கேமுக்குப் பயனர் ரிவ்யூ எழுத 36 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று வைத்தது. ஆனாலும் ஸ்டீமில் எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்பது அவர் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கும், கேமை இலவசமாக வாங்கியிருந்தால் அதையும் காட்டும், வெளியில் வாங்கிய கீயில் எழுதிய ரிவ்யூ மொத்த சதவீதக் கணக்கில் 2016-லிருந்து சேர்வதில்லை. என்னைக் கேட்டால், பத்து மணி நேரத்துக்கு மேல் ஆடி, நம்ம கார்டு பெயரைச் சொல்லி, திட்டியே எழுதியிருந்தாலும் எங்கே நின்றது என்று சொல்கிற ஒருவனின் நாலு வரி, அழகான வீடியோவைவிட மேல். காசிமேட்டில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் யாரும் மீன் வாங்குவதில்லை, இங்கே மட்டும் ஏன் டிரெய்லரைப் பார்த்துவிட்டு போனை நீட்டி ஸ்கேன் பண்ணுகிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

ரிவ்யூ வெளியாகும் நேரத்தையும் பாருங்கள். கேம் மேல் நம்பிக்கை இருக்கிற கம்பெனி வெளியீட்டுக்குச் சில நாள் முன்னாடியே ரிவ்யூக்களை வெளியிட விட்டுவிடும். விற்பனை தொடங்கும் அதே நிமிஷம் வரைக்கும் வாயைக் கட்டி வைத்திருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். ஆனால் அப்படி எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டிருக்கும்போது ஒருத்தர் மட்டும் "தமிழில் முதல் ரிவ்யூ" என்று முன்கூட்டியே போடுகிறார் என்றால், நம்ம ஆள் அப்படித்தான் போட்டார், அவருக்கு மட்டும் அந்த அனுமதி எதற்குக் கிடைத்தது என்று கேட்கவேண்டும். கன்சோல் வைத்திருப்பவர்கள் டிஸ்க்காக வாங்குங்கள், பிடிக்கவில்லை என்றால் கொஞ்சம் நஷ்டத்தில் இன்னொருத்தருக்குத் தள்ளிவிடலாம். கீயை யாருக்கும் தள்ள முடியாது.

இனி புகார் விஷயம். நம்ம நாட்டிலும் இதற்கு விதி இருக்கிறது என்பதே பல பேருக்குத் தெரியாது. விளம்பரத் தர நிர்ணயக் குழுமமான ஆஸ்கி 2021-ல் இன்ஃப்ளூயன்சர்களுக்கு வழிமுறை கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் ஒரு வழிமுறை வெளியிட்டது. வீடியோ என்றால் காசு வாங்கியதைத் திரையிலும் காட்டவேண்டும், வாயாலும் சொல்லவேண்டும், லிங்க், ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளிக்கக்கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. 2019 நுகர்வோர் சட்டத்தின்படி தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரை, பரிந்துரைத்தவரை ஒரு வருஷம் வரை விளம்பரமே செய்யக்கூடாது என்று தடுக்கவும் முடியும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி நம்பருக்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், நான் பேசினேன், பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். வீடியோவின் ஸ்கிரீன்ஷாட், டிஸ்கிரிப்ஷன் முழுவதும், யுபிஐ ரசீது, கடையின் வாட்ஸ்அப் பதில் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தது உதவியது. டிஸ்கிரிப்ஷனை முதலில் எடுங்கள், ஏனென்றால் நான் புகார் கொடுத்த பிறகு போய்ப் பார்த்தால் அந்தக் குட்டி விளம்பர வார்த்தை வீடியோவின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது, ஆரம்பத்திலிருந்தே அங்கே இருந்த மாதிரி.

புகார் போனதும் கடைக்காரரின் பேச்சும் மாறிவிட்டது. சிரிப்பு எமோஜி போய், "சார் 500 ரூபா கூப்பன் தர்றோம், அடுத்த கேமுக்கு யூஸ் பண்ணிக்கலாம், ஓகேன்னு மட்டும் ரிப்ளை பண்ணுங்க" என்று வந்தது. அதே மெசேஜ் வியாசர்பாடிப் பையனுக்கும் வந்திருக்கிறது, எழுத்து மாறாமல். அவன் ஓகே போட்டுவிட்டான், அவன் புகார் தீர்க்கப்பட்டது என்று மூடப்பட்டுவிட்டது. நான் போடவில்லை, என் புகார் இன்னும் திறந்தே இருக்கிறது. உங்களுக்கும் அந்த மெசேஜ் வந்தால் ஓகே என்று மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.