கண்ணுக்குள் வைத்த லென்ஸை எடுப்பித்தேன்

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே கண்ணாடி, மைனஸ் 10. 2015இல் கொழும்பில் ஓர் இடத்தில் இரண்டு கண்ணுக்குள்ளும் லென்ஸ் வைத்தார்கள். கண்ணில் பிறப்பிலேயே இருக்கிற சொந்த வில்லையை எடுக்காமல் அதற்கு முன்னால் வைக்கிற வகை. அடுத்த நாள் சுவர் மணிக்கூடு வெறும் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோசத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. ஆனால் வருடம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. அது பெரிய பிழை.

போன வருடம் வலது கண்ணில் பனி மூடினது போல் இருந்தது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் போன தடம் தெரியவில்லை. ஊசி கோர்க்க மகளைக் கூப்பிட்டேன்.

இந்த முறை போனது வேறொரு தனியார் கண் ஆஸ்பத்திரி. முதலில் பழைய லென்ஸின் விபரம் எழுதின அட்டையைக் கேட்டார்கள். டொக்டர் தாளில் படம் கீறி விளங்கப்படுத்தினார். வைத்த லென்ஸுக்கும் சொந்த வில்லைக்கும் நடுவில் கால் முதல் முக்கால் மில்லிமீற்றர் வரை இடைவெளி வேண்டுமாம். எனக்கு வைத்தது சின்ன அளவு லென்ஸ், இடைவெளி மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணுக்குள் நீரோட்டம் தடைப்பட்டு, சொந்த வில்லையில் புரை விழுந்துவிட்டது. அளவு பெரிதானால் நீர் வெளியேறுகிற மூலை அடைபட்டுக் கண் அழுத்தம் ஏறும். கருவிழியின் உட்பக்கச் செல்கள் குறைந்துகொண்டே போனாலும் எடுக்க வேண்டி வரும், அவை திரும்ப வளராது. அளவு பிழைத்தால் பிரிக்கத்தான் வேண்டும் என்பது தையல்காரிக்குப் புதிதில்லை.

ஒரே சத்திரசிகிச்சையில் பழைய லென்ஸையும் புரையையும் எடுத்துப் புதிய லென்ஸ் வைத்தார்கள். அதற்கு முதலே, "என்ன தொழில் செய்யிறீங்கள் அம்மா?" என்று டொக்டர் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அவரைக் கும்பிடலாம். தையலுக்கு ஏற்றபடி கிட்டப் பார்வைக்குப் பொருத்தினார். ரோட்டுக்குக் கண்ணாடி போடுகிறேன், ஊசியை நானே கோர்க்கிறேன்.

குறை ஒன்று: மருந்துத் தாள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும். தமிழ் தெரிந்த தாதி ஒருவர் எந்தச் சொட்டு எத்தனை தரம் என்று பின்பக்கத்தில் எழுதித் தந்தார். எல்லாருக்கும் அப்படி ஒரு பிள்ளை வாய்க்காது, தமிழிலும் அச்சடிக்க வேண்டும்.

மறுநாள் காலை கட்டாயம் காட்ட வேண்டும். கிளிநொச்சிப் பக்கமிருந்து போகிறவர்கள் இரவு தங்க இடம் பார்த்துக்கொண்டு போங்கள். இடது கண்ணில் இடைவெளி இப்போதைக்குப் பரவாயில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். மாசியில் தவணை. கடையைப் பூட்டிவிட்டுப் போவேன்.