தையலின் நுனி பிரியாமல் இருக்க: ஒன்பது ஆண்டு அனுபவம்

முதல் ஆறு ஆண்டுகள் ரிவர்ஸ் நெம்புகோல் உள்ள சாதாரண மின்சாரத் தையல் மெஷினில் தைத்தேன். கடந்த மூன்று ஆண்டுகளாக, தையலை ஒரே இடத்தில் முடிபோடும் பொத்தான் கொண்ட கணினி வகை மெஷின். இரண்டிலும் தைத்தவை இன்னும் வீட்டில் துவைபட்டு உலர்கின்றன. எந்த நுனி தாங்கியது, எது பிரிந்தது என்பதை அவற்றைப் பார்த்தே சொல்கிறேன்.

மெஷின் தையலில் முடிச்சே கிடையாது. மேல் நூலும், அடியிலுள்ள சிறு உருளையிலிருந்து வரும் பாபின் நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான். நுனியைக் கட்டாமல் விட்டால் இரண்டு துவையலில் வாய் பிளக்கும். அதனால் எல்லாத் தையலுக்கும் இரு முனையிலும் ரிவர்ஸ் அடித்தேன், அதாவது அதே வரிசைமேல் சில தையல் பின்னோக்கி ஓட்டினேன். அதுவே தவறு என்று புரியச் சில ஆண்டுகள் ஆயின.

முதல் பாடம் ஒரு தலையணை உறை. துணியின் விளிம்பிலேயே ஊசியை இறக்கி ரிவர்ஸ் அடித்தபோது விளிம்பு ஊசிக்குக் கீழுள்ள தகட்டின் துளைக்குள் இழுபட்டு, அடியில் நூல் பந்தாகச் சுருண்டது. தகட்டைக் கழற்றி ஒவ்வொரு இழையாக வெட்டி எடுத்தேன். இப்போது விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தொடங்குகிறேன். இரு நூல்களையும் 10 செ.மீ. நீளம் விட்டுப் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு, விளிம்புவரை பின்னோக்கி மூன்று நான்கு தையல், பிறகு முன்னோக்கி. அதன்பின் ஒருமுறைகூடத் துணி மாட்டவில்லை.

இரண்டாவது பாடம் ஒரு தோல் பை. பட்டை கனம் தாங்க வேண்டுமே என்று ரிவர்ஸை இருமுறை ஓட்டினேன். தோலில் ஊசி போட்ட துளை மூடுவதில்லை. சில மாதங்களில் அந்த வரிசை தபால் தலை ஓரம்போலக் கிழிந்தது. தோலுக்கும் ரெக்ஸினுக்கும் கையால் முடிச்சுப் போடுவதுதான் சரி. பின்பக்கம் பாபின் நூலை மெல்ல இழுத்தால் மேல் நூல் சிறு வளையமாக எட்டிப் பார்க்கும். குண்டூசியால் அதை வெளியே எடுத்து, இரண்டையும் இருமுறை முடிந்து, மிச்சத்தைக் கை ஊசியால் மடிப்புக்குள் செருகிவிடுகிறேன். பொறுமை வேண்டும், ஆனால் முன்பக்கம் அத்தனை சுத்தமாக இருக்கும்!

மெல்லிய பட்டுக்கு ரிவர்ஸ் அடித்தால் நுனி தடித்துச் சுருங்குகிறது. அங்கே தையல் நீளத்தை 2.5 மி.மீ.யிலிருந்து 1 மி.மீ.க்குக் குறைத்து, கடைசி ஒன்றரை சென்டிமீட்டரை முன்னோக்கியே தைத்து நிறுத்துகிறேன். எனக்கு மிகவும் பிடித்த முறை இதுவே.

முடிபோடும் பொத்தான்மீது பெரும் நம்பிக்கை வைத்திருந்தேன். தடித்த பருத்தியில் நன்றாகவே வேலை செய்கிறது. மெல்லிய துணியிலோ அடியில் கடுகுபோல ஒரு நூல்மணி விழுகிறது, உடம்பில் உறுத்துகிறது. ஊசி விளிம்பைத் தாண்டிய பிறகு அழுத்தினால் முடிச்சு துணியில் விழுவதே இல்லை. அப்படி விட்டுப்போன ஒரு சட்டைத் தையலைப் பிறகு கையால் தைத்துச் சரிசெய்தேன்.

முடிபோடவே கூடாத இடங்களும் உண்டு. சுருக்கு வைக்கும் தையலில் பழக்கதோஷத்தால் இரு முனையையும் கட்டிவிட்டு, இழுக்கும்போது நூலை அறுத்திருக்கிறேன். பிரித்தெடுக்க வேண்டிய தற்காலிகத் தையலும் அப்படியே. வேறொரு தையல் குறுக்கே வந்து நுனியை அமுக்கும் இடத்தில், ஒட்டுத்துணி வேலைபோல, தனி முடிச்சு தேவையில்லை. பாக்கெட்டின் வாய் மூலைகளில் மட்டும் கஞ்சம் கூடாது. கை நுழையும் ஒவ்வொரு முறையும் இழுபடுவது அந்த இரண்டு புள்ளிகள்தாம்.

இன்று புதிதாக மெஷின் வாங்கினால், முடிபோடும் பொத்தானுக்காகக் கூடுதல் பணம் தரமாட்டேன். நெம்புகோலிலிருந்து கையை எடுத்ததும் அது தானாக முன்னோட்டத்துக்குத் திரும்புகிறதா, தையல் நீளம் 1 மி.மீ.க்கும் கீழே இறங்குகிறதா என்ற இரண்டையும் ஒரு துண்டுத் துணியில் தைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன்.