வீட்டு வளவில் கியர்பொக்ஸ் இறக்கிப் பிளைவீல் மாற்றினோம்: நான்கு வருடம் ஓடிய பிறகு

எங்கள் டொயோட்டா கொரோலா டீசல் வேகனின் கியர்பொக்ஸை ஆரையம்பதியில் வீட்டு வளவிலேயே இறக்கிப் பிளைவீல் மாற்றியது 2021இல். பிளைவீல் என்பது எஞ்சினின் பின்னால் சுழலும் பாரமான இரும்புச் சில்லு, அதன் முகத்தில்தான் கிளச் தட்டு பிடிக்கும். இன்றைக்கும் அதே பிளைவீல், அதே கிளச். காத்தான்குடியில் வீதி நடுவே நிற்கும் பேரீச்ச மரங்களுக்குப் பக்கத்தால் சனநெரிசலில் ஊர்ந்து, கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பு நகருக்குள் போய்வருவதுதான் அதன் அன்றாட ஓட்டம். இடையிடையே செங்கலடியில் திரும்பி மகாஓயா, பிபிலை, லுணுகலை என்று மலை ஏறிப் பதுளைக்கும் போகும். இவ்வளவும் ஓடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: இந்த வேலையை வீட்டில் செய்யலாம். ஆனால் கியர்பொக்ஸ் ஒருமுறை கீழே வந்துவிட்டால், மலிவு பார்த்து எந்தச் சாமானையும் உள்ளே வைத்துப் பூட்டக் கூடாது. இத்தனை காலம் நிம்மதியாக ஓடியதற்கும், இடையில் வந்த ஒரேயொரு தொல்லைக்கும் காரணம் அதுதான்.

நோய் தொடங்கியது எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டாட்டரில். காலையில் திறப்பைத் திருப்பினால் சில நாள் உடனே பிடிக்கும். சில நாள் 'கிர்ர்ர்' என்று இரும்பு அரைபடும் சத்தம் மட்டும் வரும், எஞ்சின் அசையாது. காரைக் கியரில் போட்டு ஒரு சாண் தள்ளிவிட்டுத் திரும்ப அடித்தால் ஒன்றுமே நடவாததுபோல ஸ்டார்ட் ஆகும். பற்றறி, வயர், ஸ்டாட்டர் என்று தேடி அலையாமல் பிளைவீலைச் சந்தேகப்பட வேண்டிய அடையாளம் இதுதான்.

ஏன் தள்ளினால் சரியாகிறது? நான்கு சிலிண்டர் எஞ்சினை நிறுத்தும்போது அது கண்ட இடத்திலும் நிற்பதில்லை. ஏதாவது ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கிக்கொண்டு மேலே ஏறும்போது, அதைத் தாண்ட வலுவில்லாமல் நின்றுவிடும். ஒரு சுற்றில் அப்படி இரண்டு இடம் உண்டு, ஒன்றுக்கொன்று நேரெதிரே. ஆகவே ஸ்டாட்டரின் பல் வந்து மோதுவது பிளைவீலைச் சுற்றியிருக்கும் ரிங் கியர் என்ற பல் வளையத்தின் அதே இரண்டு இடங்களில்தான். வருடக்கணக்கில் மோதி அந்த இரண்டு இடத்துப் பற்கள் மட்டும் மழுங்கிப் போகும், மற்றவை புதிதுபோல இருக்கும். எங்களுடையது 2சி எஞ்சின், 1974 சிசி. டீசல் எஞ்சினில் அமுக்கம் அதிகம் என்பதால் அதைச் சுழற்ற ஸ்டாட்டருக்கும் பலம் கூடத் தேவை, பல் தேய்வதும் கெதி.

ரிங் கியரை மட்டும் மாற்றவும் வழியுண்டு. லேத்தில், அதாவது கடைசல் பட்டறையில், பழைய வளையத்தைக் கழற்றி, புதிய வளையத்தைச் சூடாக்கி விரியவைத்துப் பிளைவீலில் இறக்கிவிடுவார்கள். ஆறினால் அதுவே இறுகிப் பிடித்துக்கொள்ளும். புதிது கிடைக்காவிட்டால், பழையதையே கழற்றிக் கால்வாசிச் சுற்றுத் திருப்பிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மழுங்கிய இரண்டு இடமும் விலகி நல்ல பற்கள் அங்கே வந்துவிடும். நானும் முதலில் அந்த எண்ணத்தில்தான் இருந்தேன். கழற்றிய பிளைவீலை லேத்துக்குக் கொண்டுபோனதும், அங்கிருந்த காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) ரிங் கியரைப் பார்க்கவே இல்லை. கிளச் தட்டு உரசும் முகத்தைப் பழந்துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். அங்கங்கே நீலம் பாய்ந்த திட்டுகள். அவற்றுக்கு மேலே மயிரிழைபோலக் குறுக்குக் கோடுகள்.

"தம்பி, நகத்தால இழுத்துப் பாருங்க. சிக்குதா?"

சிக்கியது.

"அப்ப இதக் கடைஞ்செடுத்தாலும் கொஞ்ச நாளைக்குத்தான். வெடிப்பு உள்ளுக்குப் போயிட்டு."

எங்களுக்கு முதல் இந்த வேகனை வைத்திருந்தவர் அதில் மரக்கறி ஏற்றியவர். பாரத்தோடு ஏற்றத்தில் கிளச்சைப் பாதி மிதித்தபடி ஓட்டியிருந்தால் இப்படித்தான் வெந்துபோகும். பிளைவீலையே மாற்றுவதென்று முடிவெடுத்தேன். பழைய வாகனச் சாமான் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த பிளைவீல் ஒன்று பஸ்ஸில் வந்து சேர்ந்தது. பழையதையும் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரிங் கியர்ப் பற்கள், போல்ட் துளைகள், தடிப்பு எல்லாம் ஒன்றுதானா என்று பார்த்த பிறகுதான் பணம் அனுப்பினேன். முகத்தை லேத்தில் இலேசாக மட்டும் எடுக்கச் சொன்னேன். அளவுக்கு மிஞ்சி மெலிந்தால் சூடு தாங்காது, கிளச் பிடிக்கும் இடமும் மாறிவிடும். ஸ்டாட்டரின் பெண்டிக்ஸையும் (ரிங் கியரில் போய்க் கொளுவும் பல்சில்லு) கூடவே புதிதாக்கினேன். மழுங்கிய பெண்டிக்ஸோடு பூட்டினால் நல்ல ரிங் கியரையும் அது தின்றுவிடும்.

அப்போது இலங்கையில் 2020இல் நின்ற வாகன இறக்குமதி திரும்பத் தொடங்கவில்லை. அது 2025 வரை நீண்டது. இருக்கிற பழைய வாகனத்தைக் காப்பாற்றுவதைவிட எங்களுக்கு வேறு வழி இல்லை.

எங்கள் கரையோர ஊர்களில் இந்த வேலையை வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு முதல் எதிரி மணல். கொங்கிரீட் தரையில் சொல்லித்தருகிற முறை எதுவும் இங்கே அப்படியே சரிவராது. தூக்கிய காரைத் தாங்கும் ஸ்டாண்டின் கால் மணலில் ஒரு பக்கம் புதைந்தால் அடியில் கிடப்பவர் கதி அவ்வளவுதான். வளவை வெட்டிச் சமப்படுத்தி, கொங்கிரீட் கற்களைப் பதித்து, அதற்கு மேலே தடித்த பலகை போட்டு ஸ்டாண்டை நிறுத்தினோம். கழற்றிய சில்லுகளையும் படுக்கவைத்துப் பக்கவாட்டில் உள்ளே தள்ளிவிட்டோம். ஸ்டாண்ட் சரிந்தாலும் கார் சில்லில்தான் இருக்கும். அப்புறம் காரைக் கையால் நன்றாக உலுப்பிப் பார்த்தோம். ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது, ஒரு நட்டைக் கழற்றக்கூட.

கழற்றும் வேலையில் நேரம் தின்றது துருதான். கடற்காற்று இந்தப் பக்கத்து வாகனத்தின் அடிப்பாகத்தை விட்டுவைப்பதில்லை. சில்லைச் சுழற்றும் அச்சின் நட்டுக்கு 30 மில்லிமீற்றர் சொக்கெட்டும், அதன் பிடியில் செருக நீளமான பைப்பும் வேண்டும். முதல் நாள் இரவே போல்ட்கள் எல்லாவற்றுக்கும் துரு எண்ணெய் அடித்து ஊறவிட்டால் அடுத்த நாள் பாதிச் சண்டை மிச்சம். பற்றறியின் நெகட்டிவ்வைக் கழற்றி, கியர் எண்ணெயை வடித்து, அச்சுகளை இழுத்து, ஸ்டாட்டர், கியர் கேபிள், மீற்றர் கேபிள் என்று ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். பெடலை மிதித்ததும் கிளச்சைத் தள்ளும் கீழ்ச் சிலிண்டரை, எண்ணெய்ப் பைப் கழற்றாமலே போல்டை மட்டும் அகற்றி ஓரமாகக் கட்டிவைக்கலாம், பைப்பில் புகும் காற்றை எடுக்கும் வேலை மிச்சம். ஆனால் அதற்குப் பிறகு ஒருவரும் கிளச் பெடலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் பிஸ்டன் வெளியே பாய்ந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகிவைத்தேன், வீட்டில் சிறுபிள்ளைகள் இருக்கிறார்கள்.

எஞ்சினை மேலே இருந்து தாங்க இரண்டு மட்காட் ஓரத்திலும் மரம் வைத்து, குறுக்கே தடித்த ஜீஐ இரும்புப் பைப் போட்டுச் சங்கிலியால் கட்டினோம். கியர்பொக்ஸை இறக்க ட்ரொலி ஜக். மணலில் அது உருளாது என்பதால் அடியில் ஒட்டுப்பலகை விரித்தோம். கியர்பொக்ஸ் நாற்பது கிலோ அளவில் இருக்கும். பாரத்தைவிட, பாரம் ஒரு பக்கம் இழுப்பதுதான் சிக்கல். மச்சான் ஜக்கைப் பார்த்துக்கொள்ள, நான் மெதுவாகப் பின்னுக்கு இழுத்தேன்.

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் உதவியது லேத் காக்கா செய்துதந்த இரண்டு தலையில்லாத நீள போல்ட்கள். கியர்பொக்ஸைத் திருப்பி ஏற்றும்போது மேல் துளைகள் இரண்டில் இவற்றைத் திருகிவிட்டால், கியர்பொக்ஸ் அவற்றின் மேலே வழுக்கி நேராக உள்ளே போகும். இவை இல்லாவிட்டால் கியர்பொக்ஸின் தண்டு பாதி நுழைந்த நிலையில் முழுப் பாரமும் கிளச் தட்டின் நடுவில் தொங்கும், தட்டு வளைந்துபோகும். வளைந்த தட்டு வெளியே தெரியாது. எல்லாம் பூட்டி முடித்து முதல் கியர் போடும்போதுதான் கரகரக்கும், அப்போது திரும்ப எல்லாவற்றையும் இறக்க வேண்டும். இடைவெளி மிச்சமிருக்கும்போது போல்டை இறுக்கி இழுக்கப் பார்ப்பவர்களும் உண்டு. கியர்பொக்ஸின் காது உடைவது அப்படித்தான். கையால் தள்ளியே அது எஞ்சினோடு ஒட்ட வேண்டும்.

உள்ளே போட்டவை: கிளச் தட்டு, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்ததும் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பெயரிங் மூன்றும் ஒரே கம்பனியின் புதிய செட். எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் பின்பக்க எண்ணெய் சீல், இரண்டு அச்சு சீல்கள் புதிது. பின் சீலின் விலை இந்தச் செலவில் கண்ணுக்கே தெரியாது. அது ஒழுகினால் எண்ணெய் நேரே புதுக் கிளச்சில்தான் விழும். பிளைவீல் போல்ட்களைக் குறுக்கே மாறி மாறி, புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுக்கும் வலுவை அளக்கும் டோர்க் ரெஞ்சால் இறுக்கினோம். பிளைவீல் முகத்தைப் பிரேக் கிளீனரால் துடைத்த பிறகு விரல் படவிடவில்லை.

சரி, இத்தனை வருட ஓட்டத்தில் என்ன தெரிந்தது? ஸ்டாட்டர் ஒருமுறைகூட அரைபடவில்லை. கிளச் பிடிக்கும் உயரம் மாறவில்லை. லுணுகலை ஏற்றத்தில் நான்கு பேரும் சாமானுமாக நின்று எடுக்கும்போதும் உதறல் இல்லை, கருகல் மணம் இல்லை. அடியில் கியர்பொக்ஸும் எஞ்சினும் சேரும் இடம் இன்னும் காய்ந்தே இருக்கிறது. 2024 நவம்பர் வெள்ளத்தில் காரை மேட்டில் ஏற்றி நிறுத்தியிருந்தோம். தண்ணீர் தொடவில்லை, ஆனால் ஈரத்தில் நாள்கணக்கில் நின்றதால் கிளச் தட்டு பிளைவீலோடு மெல்லிய துருவில் ஒட்டிக்கொண்டது. பெடலை மிதித்தும் கியர் விழவில்லை. எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, ஆளில்லாத வெளியில் இரண்டாம் கியரில் போட்டு, கிளச்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்து பிரேக்கை அழுத்த விடுபட்டது. வெள்ளத்துக்குப் பிறகு கியர் எண்ணெயையும் வடித்துப் பார்த்தேன். தண்ணீர் கலந்தால் பால்போல வெளுக்கும். அப்படி இல்லை.

தொல்லை தந்தது கியர்பொக்ஸைத் தாங்கும் இடப்பக்க மவுண்ட். பழைய இறப்பர் கிழிந்திருந்தது. அந்த நேரம் நல்லது கிடைக்காமல் கடையில் இருந்ததை வாங்கிப் போட்டோம். இரண்டாவது வருடமே அதன் இறப்பர் வெடித்து, கியர் மாற்றும்போது 'டொக்' என்று அடிக்கத் தொடங்கியது. இவ்வளவு நல்ல சாமான்களுக்கு நடுவே அது ஒன்றுதான் மலிவு, அது ஒன்றுதான் போனது. நல்லவேளையாக அதை மாற்றக் கியர்பொக்ஸ் இறக்கத் தேவையில்லை.

இப்போது இன்னொரு மெல்லிய இரைச்சலும் கேட்கிறது. பெடலை விட்டிருக்கும்போது வருகிறது, மிதித்தால் நின்றுவிடுகிறது. மிதிக்கும்போது வந்தால் ரிலீஸ் பெயரிங் என்று பயப்படலாம். இது கியர்பொக்ஸுக்குள்ளே தண்டைத் தாங்கும் பெயரிங். அதைத் திறந்து மாற்றுவது வீட்டு வளவில் செய்கிற வேலை அல்ல, கராஜில்தான் கொடுப்பேன்.

செய்யப் போகிறவர்கள் மாரி தொடங்க முதல் முடித்துவிடுங்கள். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று மணலை வாரி அடிக்கிற நாட்களிலும் கிளச் வேலை வேண்டாம், அந்தப் பொடி எண்ணெய் பட்ட இடமெல்லாம் ஒட்டும். இறக்கிப் பூட்டத் தெரிந்த ஒருவர், சொன்னதைக் கேட்டு ஜக்கைப் பிடிக்க இன்னொருவர் கட்டாயம் வேண்டும். தனியாகச் செய்யாதீர்கள். அந்த இரண்டு நீள போல்ட்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. இதே எஞ்சின் வைத்திருக்கும் அயலவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள்.