நம்பர் பிளேட்டைப் படிங்கப்பா

2024 பொங்கலுக்கு நாலு வாரம் லீவு போட்டுவிட்டு சிட்னியிலிருந்து ஊருக்குப் போனேன். டெல்டாவில் ஒரு சின்ன டவுன். அம்மா எனக்காகவே ஒரு பட்டியல் வைத்திருந்தார்: ரேஷன் கார்டில் பெயர் திருத்தம், கேஸ் கனெக்‌ஷன், அப்பாவின் டிரைவிங் லைசென்ஸ். முதல் இரண்டும் அலைச்சல் இல்லாமல் முடிந்துவிட்டன. எழுத ஒன்றுமில்லை. மூன்றாவதுதான் இன்னும் உறுத்துகிறது.

அப்பாவுக்கு 74. பழைய மாருதி 800, இன்னமும் அவர்தான் ஓட்டுகிறார். லைசென்ஸ் பிப்ரவரியோடு முடிகிறது. 55 தாண்டியவர்களுக்கு ஐந்து ஐந்து வருடமாகத்தான் தருவார்கள். முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் போட்டுவைத்தால் மறுபடி டெஸ்ட். 2019 திருத்தத்துக்கு முன்னால் இந்த அவகாசம் ஐந்து வருடமாக இருந்தது. “இந்த வயசுல என்னை எட்டு போட விட்டுடாதடா” என்பதுதான் அப்பாவின் கவலை.

லைசென்ஸ் வேலைகளுக்கான அரசு இணையதளமான சாரதியில் நானே விண்ணப்பம் போட்டேன். பணம் கட்டி, நாளும் நேரமும் எடுத்து முடிக்க அரை மணி நேரம்தான். பாக்கி இருந்தது படிவம் 1ஏ, அதாவது 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் தர வேண்டிய டாக்டர் சான்றிதழ். அதை நிதானமாகப் படித்துப் பாருங்கள், நல்ல படிவம். பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா, காது கேட்கிறதா என்று கேட்க வேண்டியதை எல்லாம் கேட்கிறது.

ஆர்டிஓ ஆபீஸுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. “ஐயா வரணும்னு இல்ல சார், போட்டோ மட்டும் குடுங்க” என்றார் கடைக்காரர். அப்பா டீக்கடை பெஞ்சில் பேப்பரைப் புரட்டி முடிப்பதற்குள், அவரைக் கண்ணாலேயே பார்த்திராத ஒரு டாக்டர், அவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்று கையெழுத்துப் போட்டுத் தந்திருந்தார். நானும் காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் மீதியை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

உள்ளே ஒரு குறையும் இல்லை. உட்கார நாற்காலி, டோக்கன், முக்கால் மணி நேரக் காத்திருப்பு. கவுன்ட்டரில் இருந்த பெண் மரியாதையாகவே பேசினார். “ஐயா, கேமராவைப் பாருங்க” என்றார். அப்பா, “எங்கம்மா இருக்கு?” என்றார். அந்தப் பெண் கேமராவுக்கு மேலே கையை ஆட்டிக் காட்டினார், அப்பா கையைப் பார்த்தார், போட்டோ விழுந்தது. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்ததும் தெருவில் 30 தப்படி எண்ணி நடந்தேன். எதிர்வீட்டு ஸ்விஃப்ட் நின்றுகொண்டிருந்தது. “நம்பர் பிளேட்டைப் படிங்கப்பா.” கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, “டிஎன் 49” என்று ஆரம்பித்தார். இங்கே பாதி வண்டி 49தான், அது மனப்பாடம். அதற்கப்புறம் வந்த எட்டை மூன்று என்றார், ஆறையும் எட்டு என்றார். அம்மா வாசலில் நின்று சிரித்தார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எனக்கு மறுபடி டெஸ்ட் வைக்கறியா? முதல்ல எங்கடா வச்சாங்க? எழுபத்தாறுல இன்ஸ்பெக்டர் ஜீப்பைப் பத்தடி முன்னாடி எடுன்னார், பத்தடி பின்னாடி எடுன்னார், போன்னுட்டார்.” அந்தச் சமயம் பார்த்து மூன்றாம் வீட்டுப் பையன் ஸ்கூட்டியில் இன்னும் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு பறந்தான். பத்தாவது படிக்கிறான். “அவனைப் போய்க் கேளேன்.”

கேட்க வேண்டியதுதான். 18 நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டி மாட்டினால் பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை என்று சட்டம் இருக்கிறது. 2022இல் நாடு முழுக்கச் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு 18 முதல் 45 வயதுக்காரர்கள். அந்த வருடம் விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. கிழவர்களைப் பிடித்து நிறுத்திவிட்டால் ரோடு சரியாகிவிடும் என்று இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு யாரும் சொல்ல முடியாது.

சிட்னியில் எங்கள் எதிர்வீட்டம்மாவுக்கு 86. நியூ சவுத் வேல்ஸில் 75இலிருந்து வருடா வருடம் டாக்டர் பரிசோதனை. 85 ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ரோட்டில் ஓட்டியும் காட்ட வேண்டும். வேண்டாம் என்றால் வீட்டைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரம் மட்டும் ஓட்டும் லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாம். அவர் அதைத்தான் வாங்கி, சர்ச்சுக்கும் கடைக்கும் போய்வருகிறார். நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் பக்கத்து விக்டோரியாவில் வயதுக்காக மட்டும் டெஸ்ட் கிடையாது. இரண்டு மாநிலங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்களால், டெஸ்ட் வைப்பதால் முதியவர்களின் விபத்து குறைகிறது என்று காட்ட முடியவில்லை.

மறுபடி டெஸ்ட் என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும், 35 வயதில் அதில் தோற்றவன் நான். இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு அங்கே நிரந்தரமாக ஓட்ட முடியாது. விதிமுறைத் தேர்வு எழுதி, ரோடு டெஸ்டிலும் தேற வேண்டும். பதினொரு வருட அனுபவம் என்ற திமிரோடு போனேன். ஸ்டாப் போர்டில் வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, மெதுவாக உருட்டிக்கொண்டு திரும்பினேன். சக்கரம் முழுசாக நிற்கவில்லை. அதோடு முடிந்தது. டெஸ்ட் எடுத்த அம்மாள் கோபப்படக்கூட இல்லை, ஓரமாக நிறுத்தச் சொல்லித் தாளில் எழுதினார். இன்றைக்கும் ஸ்டாப் போர்டைப் பார்த்தால் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது. என்னைக் கேட்டால் அந்தத் தாள் 74இல் தேவையில்லை, 30இலும் 40இலும் தேவை. 74இல் தேவை, ஒரு டாக்டர் எதிரே உட்காரவைத்து உண்மையாகவே பார்க்கும் பத்து நிமிடம்.

மறுநாளே அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். இரண்டு கண்ணிலும் புரை, வலதில் நன்றாக முற்றியிருந்தது. அதற்கு அந்த வாரமே ஆபரேஷன் ஆனது. கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்தவர் முதலில் சொன்னது, “நம்ம சுவத்துக்கு வெள்ளையடிச்சு எவ்வளவு நாளாச்சு?” அம்மா, “நாலு வருஷமாச் சொல்லிட்டிருக்கேன்” என்றார். புது லைசென்ஸ் கார்டும் வந்தது, 2029 வரை செல்லும். அதிலுள்ள போட்டோவில் அப்பா எங்கேயோ மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சிட்னிக்குக் கிளம்பும் இரவு திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கார் எடுக்கும்போது, சாவியைக் கேட்காமலேயே என்னிடம் நீட்டினார். இடது கண்ணும் ஆகட்டும், ராத்திரி ஓட்டம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு, முன்னால் போன லாரி, பஸ், வேன் ஒன்றையும் விடாமல் எல்லாவற்றின் நம்பரையும் திருச்சி வரும்வரை சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார்.