பழைய ஷாட்கன் வாங்கப் போகிறீர்களா? படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்

மூன்று மாதச் சம்பளம் போச்சு. இன்று காலைதான் உறுதியானது.

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: "12 போர் இரட்டைக் குழல், அதிகம் சுடாதது, நல்ல கண்டிஷன்." ஆறு படங்கள். ஆறிலும் மரக்கட்டையும் வேலைப்பாடும்தான், குழலுக்குள் எடுத்தது ஒன்றுகூட இல்லை. போனில் கேட்டேன். "குழல் கண்ணாடி மாதிரி இருக்கும் சார். அப்பா வைத்திருந்தது. தானே எண்ணெய் போட்டுத் துடைப்பார்." அப்பா என்று சொன்னபோது குரல் இறங்கியது. அங்கேதான் விழுந்தேன். அடுத்த கேள்வி கேட்கவே கூச்சமாகிவிட்டது. முழுப் பணத்தையும் அன்றே அனுப்பினேன்.

லைசென்ஸில் ஏற்றி கைக்கு வந்ததும், குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். பளபளப்புதான். துணி விட்டு எண்ணெயைத் துடைத்த பிறகு பார்த்தால், வலது குழலில் அம்மைத் தழும்பு மாதிரி துருக்குழிகள். முன்கட்டைக்கு, அதாவது குழலுக்கு அடியில் இடது கை பிடிக்கும் மரத்துக்கு, மேலே வளையமாக ஒரு நிழல். குழல் உப்பியிருக்கிறது என்றார் பழுது பார்ப்பவர். முன்கட்டையைக் கழற்றி ஆட்டினார், பூட்டிய குழல் டக் டக்கென்று ஆடியது. அப்புறம் சேம்பரை, தோட்டா உட்காரும் அறையை, அளந்தார்: 65 மில்லிமீட்டர். விற்றவர் 70 மில்லிமீட்டர் தோட்டா தாராளமாகப் போடலாம் என்றிருந்தார். உள்ளே போகும், மூடவும் மூடும், ஆபத்தே அதுதான். 70 என்பது சுட்டபின் வாய் விரிந்த தோட்டாவின் நீளம். விரிய இடமில்லாவிட்டால் அழுத்தம் ஏறும். சுட்டிருந்தால் என் இடது கை அந்த வளையத்துக்கு அடியில்தான் இருந்திருக்கும்!

விற்றவரைக் கூப்பிட்டேன். முதலில் "வழியில் அடிபட்டிருக்கும்" என்றார். துரு வழியிலா பிடிக்கும்? அடுத்த நாள், "பழைய பொருள் அப்படித்தான் சார்." மூன்றாம் முறை, "பேர் மாற்றியாச்சு, திரும்ப எடுக்க முடியாது." விளம்பரம் போட்ட தளமோ, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நாங்கள் வரமாட்டோம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. மூன்று மாதச் சம்பளம், ஒரே வரி.

விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. சேம்பர் நீளம், சோக் (குழல் வாயின் குறுக்கம்), துரு, உப்பல், பூட்டின் ஆட்டம், கட்டையில் ஒட்டுப்போட்ட விரிசல், இதையெல்லாம் விற்பவர் விளம்பரத்திலேயே எழுத வேண்டும். எழுதாவிட்டால் எழுத்தில் கேளுங்கள். எண்ணெய் துடைத்த குழலின் உட்படம் வாங்குங்கள். பழுது பார்ப்பவர் அளக்கும்வரை முன்பணம்கூட வேண்டாம். அப்பா கதை சொன்னாலும் வேண்டாம்.

சற்று முன் மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை.